அப்பா ஊத, நான் இழுக்க

சிதம்பரம் கல்லூரி விடுதியில் புது மவுத் ஆர்கனைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், அதன் பித்தளை வாசனை என்னைக் கடலூர் உப்பனாற்றங்கரைத் தகர வீட்டுக்குக் கொண்டுபோனது; இன்று அங்கே வீடும் இல்லை, அப்பாவும் இல்லை. ரசாயன ஆலையில் வேலை முடிந்து வந்து, தன் பழைய மவுத் ஆர்கனைக் கைலியில் துடைத்துத் துடைத்து வாசிப்பார்.

"எனக்கு ஊதத்தான் முடியும் பாப்பா. உள்ள இழுத்தா இருமல் புடுங்குது. அத நீ பாத்துக்க, படிக்கிற புள்ளதான."

அவர் ஊதிவிட்டு நீட்ட, நான் இழுத்துவிட்டுத் திருப்பித் தர, ஒரு பாட்டு ஊர்ந்து ஊர்ந்து முடியும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ப்ளூஸ் இசையின் சோகமெல்லாம் மூச்சை உள்ளே இழுக்கும் சுரங்களில்தான் என்றது மவுத் ஆர்கன் சொல்லித்தரும் வீடியோ; அவை எனக்கு முதல் நாளே வந்தன. ஊத வேண்டிய இடம் வந்ததும், துப்பட்டாவில் துடைத்து, யாருமில்லாத பக்கத்தில் நீட்டினேன்.