செலீன் அன்ரி மொஸ்கோவுக்குப் போனது

"சனம் லூர்த்துக்குப் போகுது, வேளாங்கண்ணிக்குப் போகுது. இவ செத்துப்போன எழுத்தாளற்ர வீட்டுக்கு வெளிக்கிடுறா," என்றார் பேனாட் அங்கிள்.

கனடாவின் ஸ்காபரோவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் நிலவறையில், துணி துவைக்கும் இடத்தில் நடந்த பேச்சு இது. படுக்கை விரிப்பின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவர் மனைவி செலீன் அன்ரியின் கையில்.

"விரிப்பை ஒழுங்காப் பிடியுங்கோ," என்ற அன்ரி, பக்கத்து மெஷினில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்த துர்க்காவிடம் திரும்பினார். துர்க்கா அதே கட்டடத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அதிகம் பேசமாட்டாள்.

"பிள்ளை, நீ அந்தாளை இங்கிலிசில வாசிச்சனியெல்லே?"

"ஓம் அன்ரி. போன கிழமைதான் முடிச்சனான்."

"அந்த ஸ்டேசன் கதையில, இங்கிலிசில எண்டாலும் ரயில் வந்ததோ?"

"இல்லை அன்ரி. அதிலயும் வரேல்லை."

"பாத்தியே. எந்தப் பாசையில வாசிச்சாலும் சனத்தைக் காக்க வைச்சுப்போட்டுத்தான் விடுவார்."

"நீ என்னைக் கடையில காக்க வைக்கிற மாதிரி," என்றார் அங்கிள்.

அன்ரி அதைக் கவனிக்கவில்லை. "எனக்கு ரஷ்யா விசாப் போம் நிரப்பித் தா பிள்ளை. செப்டெம்பரில போறன்."

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. அந்த ரஷ்ய எழுத்தாளர் அன்ரிக்குப் பழைய பழக்கம். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில், மொஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்தன. அப்படித்தான் அந்த எழுத்தாளர் அன்ரியின் வீட்டுக்குள் வந்து சேர்ந்தார். பிறகு அன்ரி சண்டைக்குத் தப்பி வெளிக்கிட்டபோது, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்ட் காட்டிய வழியும் மொஸ்கோவால்தான் போனது. முன்பின் தெரியாத ஆட்களோடு ஒரு சின்ன ஃபிளாட்டில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். வெளியே போகத் தடை. எழுத்தாளர் வாழ்ந்த வீட்டைக் காட்சிச்சாலையாக்கி வைத்திருப்பதும், அது அதே ஊரில் இருப்பதும் அன்ரிக்குத் தெரியும். குசினி யன்னலால் டிராம் தெரியும். இது அந்தப் பக்கம் போகிறதோ என்று யோசித்தபடி உருளைக்கிழங்கு உரிப்பார்.

உரித்த நேரம் போக மிச்சத்தில் ஒரு பாடம். ஏஜென்ட் கையில் தந்த கள்ள மலேசியப் பாஸ்போட்டில் அவர் பெயர் சரோஜா கோபால், ஊர் கோலாலம்பூர். நித்திரையில் கேட்டாலும் வாயில் வரவேண்டும் என்று ஏஜென்ட் உண்மையாகவே எழுப்பிக் கேட்பான்.

ரொறன்ரோவுக்கு வந்து பாண் சுடும் ஃபக்டரியில் நின்று வேலை செய்த வருடங்களிலும் அன்ரிக்கு அந்த ஒரு ஆசை விடவில்லை. அந்த எழுத்தாளரின் வீட்டுக்குள் முன்கதவால் நுழைந்து, அவர் இருந்து எழுதிய மேசையைப் பார்க்க வேண்டும். கனடாப் பாஸ்போட் கிடைத்ததும், ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் போகும் சுற்றுலா ஒன்றில் சேர்ந்துகொண்டார்.

போய் வந்த கதையையும் அதே நிலவறையில்தான் சொன்னார்.

"மொஸ்கோ எயர்போட்டில பாஸ்போட் பாக்கிற கவுண்டரில ஒரு பெடியன். என்ர மகன் வயசுதான் இருக்கும். பேரென்ன எண்டான். என்ர சொந்தப் பாஸ்போட்டை நீட்டிக்கொண்டு சொல்லுறன், சரோஜா கோபால், கோலாலம்பூர் எண்டு."

அங்கிள் சிரித்துச் சிரித்து மெஷினில் சாய்ந்துவிட்டார். துர்க்கா சிரிக்கவில்லை.

"பிறகு அன்ரி?"

"ஒரு அறையில இருத்திப்போட்டாங்கள். எங்களைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை கதைச்சுக் கதைச்சு வெளிய எடுக்கப் பின்னேரமாப் போச்சு. அவற்ர வீடு பாக்கப் போன மற்றதுகள் எல்லாம் பாத்துட்டுத் திரும்பிட்டுதுகள். அடுத்த நாள் விடியவே வேற ஊருக்கு ரயில். நான் இருட்டுப்பட முன்னம் டாக்சி பிடிச்சுப் போனன். கேற் பூட்டு. கம்பிக்குள்ளால பாத்தால் முத்தத்தில ஆக்கள் இருக்கிறதுக்கு ஒரு வாங்கு, அதில இலை கொட்டிக் கிடக்குது. மேசை எந்த அறையெண்டே தெரியேல்லை."

விரிப்பை நாலாய் மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்னையும் காக்க வைச்சுப்போட்டார் மனுசன்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. உறவுக்காரர் ஒருவரின் குணத்தைச் சொல்வதுபோல் இருந்தது.

கூடை நிரம்பியதும் அங்கிள் அதைத் தூக்கிக்கொண்டு எலிவேற்றருக்கு நடந்தார். அன்ரி பின்தங்கி, துர்க்காவின் கையைப் பிடித்தார்.

"அடுத்த முறை நீயும் என்னோட வா பிள்ளை. கவுண்டரில எனக்குப் பின்னால நில். நான் வாய் திறக்க முன்னம், என்ர பேரை என்ர காதுக்குள்ள ஒருக்காச் சொல்லிவிடு."