பொட்டு வைத்த குப்பி

மந்தாரக்குப்பத்தில் சண்முகப்பிரியா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டியூஷன் டீச்சர் என்றால் பால்காரரே வாசல்வரை கொண்டுவந்து விடுவார். அந்த டீச்சர் பெங்களூரில் வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்தவள் என்பது பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கும் தெரியாது. தெரிந்தால், அப்புறம் ஏன் இங்கே வந்து கிடக்கிறாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதைவிட ஏழாம் வகுப்புக் கணக்கை நூறு தடவை சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அவள் அப்பா வேலுமணி, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பழுது பார்க்கும் காண்ட்ராக்ட் ஃபிட்டர். இந்த வருடம் பெர்மனன்ட், அடுத்த வருடம் பெர்மனன்ட் என்று காத்திருந்தே தலை நரைத்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மிஞ்சியது மகளின் படிப்பு ஒன்றுதான். பெர்மனன்ட்காரர்களின் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்கூடப் படிக்காத படிப்பு என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வார். என்ன படிப்பு என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் அவசரமாக டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார்.

ஆராய்ச்சி நடந்த நாட்களில் ஒருமுறை அவளே அப்பாவுக்கு விளக்கினாள். டி.என்.ஏ. இழைகளைக் கோத்து, கண்ணுக்கே தெரியாத ஒரு கருவி செய்கிறாள். அதில் ஒளிரும் சாயம் ஒட்டியிருக்கும். உயிரோடிருக்கும் செல் அதை விழுங்கிவிடும். செல்லுக்குள் கழிவைக் கரைக்கிற குட்டிப் பைகள் உண்டு. அங்கே அமிலம் சரியாக இருந்தால் ஒரு மாதிரி ஒளிரும், குறைந்தால் வேறு மாதிரி ஒளிரும். சில நோய்கள் அந்தப் பைகளில்தான் தொடங்குகின்றன.

"பெல்ட்டு எங்க சிக்கிகினு நிக்குதுன்னு கன்ட்ரோல் ரூம்ல லைட்டு எரியுமே, அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட அதுதாம்பா."

அன்றிலிருந்து டீக்கடையில் அவருக்கு வாய் ஓயவில்லை. "எம் பொண்ணு செல்லுக்குள்ள லைட்டு போடறா" என்பார். கேட்டவர்கள் செல்போன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த லைட் அவளைப் படாத பாடு படுத்தியது. குழாயில் அழகாக ஒளிரும். செல்லுக்குள் போனதும் சிதைந்துவிடும். இழைகளை மாற்றி மாற்றிக் கோத்ததில் கடைசியாக ஒன்று தாக்குப்பிடிக்கும் போலிருந்தது. அதற்குள் உதவித்தொகை நின்றுபோனது. பேராசிரியை ஓய்வு பெறுகிறார், லேபையும் மூடுகிறார்கள். மிச்சம் ஒரு சின்னக் குப்பி, அதற்குள் சில சொட்டு. மறுபடி செய்ய வழியே இல்லை. புதுச்சேரியில் தெரிந்த லேப் ஒன்றில், பூஜை விடுமுறை முடிந்ததும் ஒரு காலைப்பொழுதுக்கு செல்களும் மைக்ரோஸ்கோப்பும் தருவதாகச் சொன்னார்கள். அங்கே ஒளிர்ந்தால் பட்டம். ஒளிராவிட்டால் அத்தனை வருடமும் வீண்.

போகிற வழியில் ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வந்தாள். ஃபாயில் சுற்றிய குப்பியை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து ஃப்ரீசரில் வைத்தாள்.

"கையால தொட்டுடாதீங்கப்பா. சில்லுனே இருக்கணும்."

வெளிச்சம் படக்கூடாது, பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று சொல்லவில்லை. லேபில் அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஃபாயிலைப் பார்த்தாலே புரிந்துகொள்வார்கள்.

பயண அலுப்பில் மறுநாள் நன்றாகத் தூங்கிவிட்டாள். மணிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. கழுவித் துடைத்து மாலை போட்ட டி.வி.எஸ்., அதன் முன்னால் வாழையிலையில் ஸ்பானர்கள், சுத்தியல், ஹெல்மெட். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஐஸ், ஐஸின் மேல் அவள் குப்பி. ஃபாயிலைக் காணோம். மூடியில் சந்தனப் பொட்டு. லேபில் இளஞ்சிவப்பாக இருந்த திரவம் இப்போது வெறும் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"கையால தொடல கண்ணு, துணியாலதான் எடுத்தேன். ஐஸும் மாத்திகினே இருக்கேன்" என்றார் வேலுமணி.

"எப்ப வெச்சீங்கப்பா?"

"விடிஞ்சதுமே. பேப்பரைச் சுத்திகினு இருந்தா சாமி எப்படிப் பாக்கும்? அதான் பிரிச்சுட்டேன். என் ஆயுதமெல்லாம் வெளிய ஜம்முனு இருக்க, எம் பொண்ணுது மட்டும் உள்ள கெடக்கலாமா?"

கத்த வேண்டும் போலிருந்தது. கிண்ணத்தைத் தூக்கி ரோட்டில் எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஒரு மனிதரின் வாழ்க்கையை இவ்வளவு ஆசையாகக்கூட அழிக்க முடியுமா என்று நினைத்தாள். அவர் கற்பூரத் தட்டை நீட்டினார். ஒற்றிக்கொண்டாள்.

எல்லாம் போய்விட்டது என்று தெரிந்தேதான் புதுச்சேரிக்குப் போனாள். செல்கள் பாவம், கொடுத்ததை ஒழுங்காக விழுங்கின. மைக்ரோஸ்கோப் திரையில் இருட்டு. வெளிச்சத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள், இருட்டு. அடுத்து காத்திருந்த மாணவர் கதவைத் தட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சாம்பிள் எப்படிக் கெட்டது?" என்று போனில் பேராசிரியை கேட்டார்.

"தெரியல மேம்."

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அப்பா வண்டியோடு நின்றார்.

"லைட்டு எரிஞ்சுதா கண்ணு?"

"இல்லப்பா. அவ்ளோதான். இனிமே இல்ல."

வேலுமணிக்கு முகம் செத்துப்போனது. ஆனாலும் மகளைத் தேற்ற வேண்டுமே. தோளில் கையை வைத்தார்.

"நாம இன்னா கொறை வெச்சோம்? வெளிய எடுத்து, பொட்டு வெச்சு, கண் குளிர சாமிக்குக் காட்டினோம். அப்பவும் எரியலன்னா நீ இன்னா பண்ணுவ? உம்மேல ஒரு தப்பும் இல்ல."

"ஆமாம்பா" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டாள்.