அம்மா பேசிய சனிக்கிழமை

சுனாமிக்கு அடுத்த வருஷம் நான் முதுகலை சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தேன். அப்போது சமூக நீதி என்று ஒரு புதுப் பாடம் வைத்தார்கள். வகுப்பில் படிப்பது கொஞ்சம்தான். சனிக்கிழமைகளில் ஓர் ஊருக்குப் போய், அங்கிருப்பவர்களோடு சேர்ந்து அவர்களுடைய ஒரு பிரச்சினைக்காவது வழி காண வேண்டும். மரக்காணம் உப்பளத்துக்குப் போகிறோம் என்று பேராசிரியர் சொன்னதும் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் அம்மா அங்கே உப்பு வாருகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் நாள் பஸ்ஸைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வரப்பு மேல் நடந்தோம். உப்பில் பட்ட வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. வேலையை நிறுத்திவிட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள்.

"உங்களுக்கு முதல்ல என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் பேராசிரியர்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றேன்.

"ஒதுங்கறதுக்கு ஒரு எடம் வேணும்ங்க. சுத்தி எங்கயும் ஒரு மறைப்பு இல்ல. காலைல வந்தா வூட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கினு கெடக்கறோம். அதுக்குப் பயந்துக்கினே தண்ணி குடிக்கறதில்ல."

அதற்குப் பிறகு மற்றவர்களும் பேசினார்கள். நீர்க்கடுப்பைப் பற்றிப் பேசினார்கள். மாதவிலக்கு நாட்களில் படும் பாட்டை, பையன்கள் தள்ளிப் போனதும் மெதுவாகச் சொன்னார்கள். கழிப்பறைதான் எங்கள் வேலை என்று முடிவாயிற்று.

அந்த உப்பளத்தின் முதலாளியைப் பார்க்கப் போனோம். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"நல்ல காரியம்மா, கட்டிடலாம். இத்தினி வருஷமா யாரும் எங்கிட்ட வாயத் தெறந்து கேக்கலியே. இப்ப யாரு கேட்டது?"

பேராசிரியர் முகமெல்லாம் மலர்ந்து, கூட வந்திருந்த அம்மாவின் தோளில் கை வைத்தார். "இவங்கதான் சார். முதல்ல தைரியமா பேசுனது இவங்கதான்."

"அப்படியா" என்று அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

கழிப்பறை வரவில்லை. நாங்களே மூங்கில் நட்டு, கீற்றால் ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தோம். பாடம் முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் விழா வைத்து, அம்மாவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. ஐப்பசி மழையில் மறைப்பு சாய்ந்தது. உப்பு வேலையும் வழக்கம்போல அந்த மழையோடு நின்றது.

பொங்கல் முடிந்து, புது உப்புக்காகப் பாத்தித் தரையை மிதித்து இறுக்க ஆள் கூப்பிட்டார்கள். அம்மாவைக் கூப்பிடவில்லை. அவளே போய் மேஸ்திரியைக் கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

"உனக்கென்னம்மா, மேடை ஏத்தி மாலை மரியாதையெல்லாம் பண்றாங்க. அவங்ககிட்டயே வேல கேளு."

பக்கத்து உப்பளங்களிலும் கேட்டுப் பார்த்தோம். சேதி எங்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. அன்று கூட நின்று பேசிய பெண்கள் பாத்தியிலிருந்து நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவர்கள் வேலையும் போய்விடும்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். என் எதிரிலேயே முதலாளிக்குப் போன் செய்தார். ஆள் அதிகமாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்த வருஷம் அந்தப் பாடத்தை வேற ஊருக்கு மாத்திட்டாங்கம்மா. பஸ்கூட கிடைக்காது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவாவது ஓர் ஆள் இருந்தால் தேவலை என்றிருந்தது.

அம்மா பிரம்மதேசம் கிராமத்துப் பக்கம் வயலில் களையெடுக்கப் போனாள். குனிந்த இடுப்பு நிமிராமல் வருவாள். நடவும் களையும் முடிந்தால் அதுவும் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்:

"பேசுனவங்க அப்புறம் இன்னா ஆவாங்கன்னு உங்க படிப்புல இருக்குதாடி?"

"இல்லம்மா."

"சரி, சோத்தப் போடு."

அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண் வந்திருந்தது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. விடியலில் உப்பளத்துக்குப் போகும் பெண்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். தெருமுனை வரை சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். எங்கள் வீடு வந்ததும் பேச்சு நின்றுவிடும். தாண்டிய பிறகு மறுபடி தொடங்கும். அம்மா விழித்தபடி படுத்திருப்பாள்.