நாடியைத் தூக்கிப் பார்த்த பிள்ளை

மூன்று வருஷத்துக்கு முன்னால் இலங்கையில், ரத்தினபுரிப் பக்கம் கஹவத்தையில், ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நடந்தது இது. நான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். மகளுக்கு அப்போது நாலு வயசு. முன்பள்ளியில் படம் கேட்டார்கள் என்று மனைவியும் நானும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம்.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு கண் இமையும் தொங்கித்தான் இருக்கும். இடது இமை இன்னும் அதிகம். எதைப் பார்ப்பதென்றாலும் முகவாயை, நாடியைத் தூக்கித்தான் பார்ப்பாள். தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும், துரையின் மனைவி மாதிரி நிமிர்ந்து பார்க்கிறாள் என்று அவளைத் ‘தொரசாணி’ என்பார்கள். எனக்கு அதில் பெருமைகூட.

படம் பிடித்த முஸ்லிம் நானா, "நாடியக் கொஞ்சம் இறக்குங்க மகள்" என்றார்.

"இறக்குனா நீங்க தெரிய மாட்டீங்க மாமா."

அவர் கேமராவை வைத்துவிட்டு வந்தார். அவளுடைய வலது கண்ணைக் கையால் மறைத்து, ஒரு சீப்பைக் காட்டி என்னவென்று கேட்டார். நாடியை நன்றாகத் தூக்கிப் பார்த்தும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அண்ணே, என் மச்சான்ட பிள்ளைக்கும் இப்படித்தான். ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்க. சுணங்கினா பார்வை போயிரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க படம் எடுக்கத்தான் வந்தோம்" என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் நான் பால் வெட்டப் போனேன். மனைவி வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு ரத்தினபுரிக்கு பஸ் ஏறினாள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதைச் சாயங்காலம் எனக்குச் சொன்னாள். இமையைத் தூக்குகிற தசை பிறவியிலேயே சரியாக வளரவில்லை. வயசானால் தானாகச் சரியாகாது. மூடியே இருந்ததால் இடது கண் பார்க்கப் பழகவே இல்லை.

"ஆபரேஷனுக்கு நீங்களும் வரணும்" என்றாள்.

கொழும்பில் ஆபரேஷன் நடந்தது. இமையைப் புருவத்துத் தசையோடு இணைத்துக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் தூங்கும்போதும் கண் கொஞ்சம் திறந்தே இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லி, காயாமல் இருக்க மருந்தும் கொடுத்திருந்தார்கள். இருந்தும் முதல் நாள் நான் பயந்துபோனேன். பிறகு, இடது கண் வேலை செய்யப் பழகுவதற்காகத் தினமும் சில மணிநேரம் வலது கண்ணை மூடி ஒட்டவேண்டியிருந்தது. "இருட்டா இருக்குப்பா" என்று அழுது பிய்ப்பாள். வேலை முடிந்து வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது என் பொறுப்பு.

இப்போது நேராகப் பார்க்கிறாள். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். இடது கண்ணில் மட்டும் பார்வை முழுசாக வரவில்லை. முந்தியே வந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றார் டாக்டர்.

அந்த நானாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அதை விட்டுவிட்டு, "பிள்ளைக்கு இப்ப எப்படி?" என்றுதான் அவர் கேட்டார்.

என் பிள்ளையைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.