விளக்கு வைக்கும் நேரத்தில் சாவு சொன்னவர்

வீராசாமி அண்ணன் போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்தபோது, தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். மழையில் பாதை சரிந்து, சொல்ல வந்த ஆள் சுற்றிக்கொண்டு பதுளைக்கு வர மறுநாளாகிவிட்டது. என் கடை வாசலில் நனைந்தபடி நின்று, "அண்ணன் தவறிட்டாருங்க" என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யார் மேல் என்று தெரியவில்லை.

அவர் குரலைக் கேட்டவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பதுளைக் கடைவீதியில் ஒரு மாடி அறையில் சில வர்த்தகர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு ரேடியோ நிலையம் நடத்தினார்கள். நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டேன், அண்ணன் பேசினார். அரிசி விலை, கோயில் திருவிழா, கிராமபோன் பாட்டு. பண்டாரவளையிலும் வெலிமடையிலும் இரண்டொரு கடைகளில் ரேடியோப் பெட்டி இருந்தது. அந்தியானால் அதன் முன்னே கூட்டம் கூடும்.

தோட்டத்தில் பிறந்த அண்ணன்தான் சாவுச் செய்தியையும் சேர்த்தார். லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் இறந்தால், தூரத்து மலையிலிருக்கும் பிள்ளைக்கு ஆள் நடந்து போய்ச் சொல்வதற்குள் மண் தள்ளிவிடுவார்கள். வெலிமடைப் பக்கத்துப் பெண்ணொருத்தி பெட்டியில் கேட்டுவிட்டு ஓடி, தாயைக் கடைசியாகப் பார்த்துவிட்டாள். பிறகு எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து, "ஆத்தா மொகத்தப் பாத்துட்டேங்க, அது போதும்" என்று அழுதாள். அண்ணன் அவளுக்குத் தேநீர் வாங்கப் போனார்.

பண்டாரவளையில் ஒருவரோ கூடப்பிறந்த தம்பி செத்ததைக் கேட்டும் அசையவில்லை. "ஆளு வந்து சொல்லாத சாவுக்குப் போவாங்களா? பொட்டி கூப்பிட்டா ஓடுறதுக்கு நான் என்ன நாதியத்தவனா?" என்றாராம். ஆள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "அவரு கேக்குறது நாயந்தானே" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாவையும் சொல்லிவிட்டு, "சொல்ல ஆளு வந்துக்கிட்டு இருக்கு, நீங்க கெளம்பிருங்க" என்று முடிப்பார்.

வர்த்தகர்களுக்கு அது பொறுக்கவில்லை. "விளக்கு வைக்கிற நேரத்துல கடைக்குள்ள எழவு சொன்னா லட்சுமி எப்படிய்யா வருவா? காலையில சொல்லு."

"காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற சனம் எங்க நின்னு கேக்கும்? சாவு நேரம் பாத்தா வருது, மொதலாளி?"

சாவை நிறுத்து, இல்லையென்றால் நீ நின்றுகொள் என்றார்கள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வேறொருவரை வைத்துப் பாட்டு மட்டும் ஒலிபரப்பினோம். பெட்டி முன்னால் கூட்டம் கரைந்தது. கொஞ்ச காலத்தில் இயந்திரத்தையே கழற்றிவிட்டார்கள். லட்சுமி வந்தாளா என்று நான் அவர்களிடம் கேட்கவில்லை.

நிலையம் இருந்திருந்தால் அவர் சாவு அன்று அந்தியிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். தெமோதரைக்குப் போய் ஈர மண்மேட்டருகே நின்றபோது அண்ணி சொன்னார்: "மொகம் வாடவே இல்ல தம்பி. தூங்குற மாதிரிதான் இருந்தாரு."

அண்ணி சொல்லித்தான் அந்தக் கடைசி முகம் எனக்குத் தெரியும். தினமும் எதிரே உட்கார்ந்திருந்த எனக்கும், தூரத்துக் கடைகளில் நின்று கேட்டவர்களைப் போல, இனி அண்ணனுடைய குரல் மட்டும்தான்.