பெயரில்லாத ஃபைல்கள்

கம்ப்யூட்டர் சாகும்போது சத்தம் போடும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. டக், டக் என்று பெட்டிக்குள் யாரோ நாக்கைத் தட்டுவது போலக் கேட்டது. திரை கறுத்தது. அணைத்துத் திரும்பப் போட்டால், ஹார்ட் டிஸ்க் என்ற ஒன்றே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் தமிழ் டைப்செட்டிங் செய்துகொண்டிருந்தேன். கீழே கடை, மேல்மாடியில் முதலாளி வீடு. அவரை அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அந்த டிஸ்க்கில் கிள்ளானில் ஒரு கோயிலுக்கான கும்பாபிஷேக மலர் முழுவதும் இருந்தது. தலைவர் உரை, தல வரலாறு, வாழ்த்துச் செய்திகள் எல்லாம். ஃபிளாப்பியில் ஒரு நகல் எடுத்துவைக்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன், தினமும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவேன். நியாயமாக நான் பயந்திருக்க வேண்டியது அந்த மலருக்காக. ஆனால் நான் பயந்தது வேறொன்றுக்காக. அதே டிஸ்க்கில், யாருக்கும் தெரியாமல், நான் ஒரு கதை எழுதிவைத்திருந்தேன். அது அக்காவின் கதை.

அண்ணன் வெளியே தங்கமான மனிதர். எந்தக் கோயில் திருவிழா என்றாலும் முதல் ஆளாக நிற்பார். தீபாவளிக்கு எங்களுக்கு உறையில் பணம் போட்டு அங்பாவ் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுப்பார். இன்றைக்கு எழுதும்போதுகூட அவரை ‘அவன்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அக்கா மத்தியானம் சாப்பாட்டோடு கீழே வருவார். அண்ணன் பேப்பர் வாங்கவோ ஆர்டர் பிடிக்கவோ போயிருந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். முழங்கைக்கு மேலே கன்றியிருந்ததை முதலில் படியில் வழுக்கியது என்றார். பிறகொரு நாள் உள்ளதைச் சொன்னார். அவர் சொன்னவற்றில் ஒன்றை என்னால் மறக்கவே முடியவில்லை. ரசத்தில் உப்பு குறைந்துவிட்டது என்று, அண்ணன் உப்பு ஜாடியையே சட்டியில் கவிழ்த்து, அவ்வளவையும் அக்காவைக் குடிக்கவைத்தாராம். குடித்து முடிக்கும்வரை எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் வைத்திருக்கவும் முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையாக எழுதினேன். பெயர்களை மாற்றினேன், அச்சகத்தை லோரி கம்பெனி ஆக்கினேன், பிரிக்பீல்ட்ஸைப் பூச்சோங் ஆக்கினேன். அந்த ரசத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அண்ணன் கண்ணில் அது பட்டால் அக்காவின் கதி என்ன என்று அப்போது நான் யோசிக்கவில்லை. டிஸ்க் போய், அதில் இருப்பதை யாராவது திறந்து பார்ப்பார்கள் என்று ஆன அன்றுதான் யோசித்தேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணனும் நானும் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரச் சீனர் பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தார். புதுசு போட்டுவிடலாம், பழையதில் இருப்பதை எடுத்துப் பார்க்கிறேன், ஆனால் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

மறுபடி போனபோது எங்கள் கம்ப்யூட்டர் புது டிஸ்க்கோடு ஓடிக்கொண்டிருந்தது. பழையதிலிருந்து மீண்ட ஃபைல்களைத் திரையில் வரிசையாகக் காட்டினார். எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். ஒன்றைத் திறந்தார். கொக்கியும் கோடும் ஆங்கில எழுத்தும் கலந்து கூழாகக் கிடந்தது. இன்னொன்றைத் திறந்தார், அதுவும் அப்படியே.

“சாரி லா பாஸ், செமுவா ரோசாக்,” என்றார். எல்லாம் கெட்டுப்போச்சு என்று மலாயில் சொன்னவர், அழித்துவிடவா என்றும் கேட்டார்.

அண்ணன் ஈய எழுத்துக் கோத்துத் தொழில் பழகியவர், கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டார். அவருக்கும் அது குப்பையாகத்தான் தெரிந்தது. அது குப்பையில்லை, தமிழ் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் ஃபாண்டும் தன் இஷ்டத்துக்கு ஒரு வழி வைத்திருக்கும். எந்த ஃபாண்டில் அடித்தோமோ அது கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல தமிழும் இப்படிக் கூழாகத்தான் தெரியும். புது டிஸ்க்கில் எங்கள் ஃபாண்ட் இல்லை. அது இருந்த ஃபிளாப்பி அச்சகத்தில் என் மேசையில் கிடந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் மலர் பிழைக்கும். கூடவே கதையும் பிழைக்கும். ஃபைல் பெயர்கள் போய்விட்டதால், எது மலர், எது கதை என்று திறந்து படித்தால்தான் தெரியும். போகட்டும், எல்லாம் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது அண்ணன் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “தக் அப்பா லா பாஸ், தக் அப்பா,” என்று பரவாயில்லை சொல்லி அவர் தோளில் தட்டினார். ஐயோ, அந்தச் சிரிப்பு! அவருடைய கோபம் வெளியில் வெடிக்காது. மேல்மாடிக்கு ஏறிப் போய்த்தான் வெடிக்கும். மலர் போனாலும் அடி வாங்கப் போவது அக்காதான்.

“அண்ணே, இது கெடலண்ணே. தமிழ்தான். நம்ம ஃபாண்ட் போட்டா வந்துரும்,” என்றேன்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் அண்ணன் வேறு வேலையாகக் கிளம்பிவிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. கிளம்பவில்லை. “ஒன்னொன்னா தொற, நான் பாக்குறேன்,” என்று நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். அவர் எதையும் மனதுக்குள் படிக்கிறவர் அல்ல. புரூஃப் படித்துப் படித்துப் பழகிய வாய். கண்ணில் பட்டதை உரக்கத்தான் படிப்பார்.

தலைவர் உரை வந்தது. “வந்துருச்சு லா!” என்று குழந்தை மாதிரி கைதட்டினார். வாழ்த்துச் செய்தி ஒன்று வந்தது, பிறகு யாருடைய கல்யாணப் பத்திரிகையோ வந்தது. கதை வந்தால் அவர் படிக்கும்முன் மூடிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அது பாதி வாக்கியத்தில் தொடங்கியது. நான் மூடப்போனேன்.

“இரு இரு,” என்றார். படிக்கத் தொடங்கிவிட்டார்.

“உப்பு ஜாடியைச் சட்டியில் கவிழ்த்தான். குடி என்றான். அவள் குடித்தாள்.” கணீரென்று வந்தது அவர் குரல். படியில் இறங்கிவந்த காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சாப்பாட்டுக் கேரியரோடு அக்கா நடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் அந்தத் துண்டைக் கடைசி வரி வரை படித்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

“யாரு எழுதுனது இது?”

“தெரியலண்ணே. யாரோ கஸ்டமர் டைப் பண்ணக் கொடுத்தது.”

“பாவம் லா அந்தப் பொம்பள. இப்படியும் இருக்கானுங்க பாரு, மனுஷனா அவன்?” என்றார். “சரி, அடுத்தது தொற. தல வரலாறு இன்னும் வரல.”

அவர் நடிக்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், உண்மையாகவே வருத்தப்பட்டார். மாட்டிக்கொண்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

தல வரலாறும் வந்து சேர்ந்தது. கோயில் தலைவருக்கு நேரிலேயே சொல்லிவிட்டு வருகிறேன் என்று அண்ணன் சாப்பிடாமல்கூட வேனை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். அக்கா வந்து என் பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்களத்தான்னு அவருக்குப் புரியலக்கா,” என்றேன்.

“அவருக்கு அதெல்லாம் நெனப்புலயே இல்ல,” என்றார் மெதுவாக. “இன்னொரு தடவ படிச்சா நெனப்பு வந்துரும். அழிச்சிடு.”

ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, கதையின் எல்லாத் துண்டுகளையும் தேடிப்பிடித்து அழித்தேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கேரியரைக் கீழே வைக்கவும் இல்லை.

“அந்தக் கம்ப்யூட்டர் கடையில இதையும் திரும்ப எடுத்துக் குடுத்துருவாங்களா?” என்று கேட்டார்.

“மாட்டாங்கக்கா,” என்றேன்.

எடுக்க முடியும் என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதை அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.