தலைவரை மாற்றும் விதி

எங்கள் ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்யச் சங்கம் தொடங்கி, அதைப் பதிவுசெய்ய நாகர்கோவிலில் ஒரு பத்திர எழுத்தரிடம் போனேன். காதில் பேனா செருகிய ஒல்லியான மனிதர். நான் பாடுபட்டு எழுதிய சங்க விதிகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்தார்.

“முதல் பக்கத்துல எல்லாரும் நல்லவனுவதான்” என்றார்.

ஏழு உறுப்பினர்களின் கையெழுத்தும் முகவரிச் சான்றும் சரியாகவே இருந்தன.

“தலைவருக்குப் பொன்னாடை போத்த விதி இருக்கு. தலைவர மாத்துகதுக்கு ஒண்ணையும் காணோமே. நீரு செத்த பொறவும் நீருதான் தலைவரா வேய்?”

வெட்கத்தோடு அந்த விதியையும் சேர்த்தேன். சங்கம் பதிவானது. ஒரு வருடத்தில் தலைவராக நான் செய்தது லெட்டர்பேடு அடித்தது மட்டும். பொதுக்குழு கூடி, அதே விதிப்படி என்னை இறக்கிவிட்டது. மறுவாரமே குளத்தில் ஆகாயத்தாமரையை அள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த மனிதருக்கு நன்றி சொல்வதா, அவரிடம் சண்டைக்குப் போவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.